கண்ணாடியைத் துறந்த கதை

கேமரன் மலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு வளர்ந்தவர்களுக்குத்தான் அந்தத் தொல்லை தெரியும். காலையில் பள்ளிக்குப் புறப்பட்டு லயத்து வாசலைத் தாண்டும்போதே பனி வந்து கண்ணாடியில் உட்கார்ந்துகொள்ளும். துடைத்தால் கோடு கோடாக ஈரம். சூடாகத் தேநீரை வாயருகே கொண்டுபோனால் மறுபடியும் வெள்ளை. மழை நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனக்கு இரண்டு கண்ணிலும் கழித்தல் ஏழு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது தேயிலைச் செடியா, கொழுந்துக் கூடையைச் சுமந்து நிற்கும் அம்மாவா என்று தெரியாது. பள்ளியில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் காலத்துத் தோழிகள் சிலர் இந்த ஆண்டிதழைப் படிக்கிறார்கள்.

ஆகவே பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு முடிந்த விடுமுறையில், 2010ஆம் ஆண்டு, லேசர் சிகிச்சை செய்துகொண்டால் கண்ணாடியே வேண்டாம் என்ற விளம்பரத்தைப் பார்த்தபோது என் மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. எனக்கு வயது 21. கோலாலம்பூரில் ஒரு சிகிச்சை நிலையம். பெயர் எதற்கு? பணம் அம்மாவுடையது. கூத்துப் பணம் கொஞ்சம், அடகுக்கடைக்குப் போன சங்கிலி கொஞ்சம். "படிக்கிற புள்ள, கண்ணு நல்லா இருக்கணும்" என்று சொல்லி, வேறு எதுவும் கேட்காமல் கொடுத்தார். ஆங்கிலத்தில் நீளமாக ஓர் ஒப்புதல் படிவம் தந்தார்கள். நான் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன். இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது அப்படிச் செய்வதாக இருந்தால், தயவு செய்து முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

லாசிக் எனப்படும் இந்தச் சிகிச்சையில், கண்ணின் முன்புறம் கடிகாரக் கண்ணாடி போல் வளைந்திருக்கும் கருவிழிப் படலத்தின் மேற்பகுதியை மெல்லிய மூடியாகச் சீவித் திறப்பார்கள். உள்ளே உள்ள பகுதியைப் புற ஊதா லேசரால் செதுக்கி வளைவை மாற்றிவிட்டு மூடியை மறுபடி மூடுவார்கள். தையல் கிடையாது. ஒரு கண்ணுக்குச் சில நிமிடங்கள்தான். மறுநாள் காலை விடுதி அறையின் சன்னல் வழியே எதிர்க் கட்டடத்தில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எண்ணினேன். அன்று முழுவதும் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துக்கொண்டே திரிந்தேன். பேருந்து எண், கடைப் பலகை, யாரோ ஒருவருடைய சட்டைப் பொத்தானில் இருந்த எழுத்து. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் அழுதார்.

இந்த லேசரைப் பற்றி ஒரு செய்தி. அதை உயிர்த் திசுக்களின் மேல் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் இரங்கசாமி சீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். 1981 நவம்பரில், அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, எக்ஸைமர் லேசரால் வெட்டிப் பார்த்தார். அக்கம்பக்கம் கருகாமல், கோடு போட்டதுபோல் சுத்தமாக வெட்டியது. ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும் ஆகிய இருவரும் அவருடன் உழைத்தார்கள். மூவருக்கும் 2013இல் அதிபர் ஒபாமா தேசிய விருது வழங்கினார். என் கண்ணில் பட்ட கதிருக்கும் மதராசுக்கும் இப்படியொரு உறவு உண்டு என்பதை நான் வெகு நாள் கழித்துத்தான் படித்தேன். அந்த லேசர் மீது எனக்குக் கோபம் இல்லை. வெட்டச் சொன்ன அளவுக்கு அது சரியாகத்தான் வெட்டியது.

அளவில்தான் சிக்கல். கருவிழிப் படலத்தின் தடிப்பு நடுவில் அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். எனக்கு 500 மைக்ரான். அதாவது சற்று மெலிந்தது. சீவிய மூடி 160 மைக்ரான். ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான் வீதம் செதுக்க வேண்டும் என்றால் ஏழுக்கு 98. மீதி 242. அடியில் குறைந்தது 250ஆவது மிஞ்ச வேண்டும் என்பது அப்போதே எல்லாரும் அறிந்த வழக்கம். இது ஆறாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. நான் அதைப் போட்டுப் பார்த்தது 2013இல். வயது குறைவாக இருப்பது, பவர் அதிகமாக இருப்பது, படலம் மெலிந்திருப்பது, அதன் வரைபடத்தில் முன்பே கோணல் இருப்பது ஆகியவை ஆபத்துக் குறிகள். முதல் மூன்றும் என்னிடம் இருந்தன. நான்காவதைப் பற்றி என்னிடம் யாரும் பேசவில்லை.

2012இல், இறுதியாண்டில், இதே ஆண்டிதழின் ஆசிரியர் குழுவில் நான் இருந்தேன். மெய்ப்புத் திருத்தும் வேலை என்னுடையது. இரவு ஒரு மணிக்கு அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆய்த எழுத்து எனக்கு ஒன்பது புள்ளிகளாகத் தெரிந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே அதன் நிழல் தொங்கியது. "க" எது, "க்" எது என்று பிரித்தறிய முடியவில்லை. நிழல் எழுத்தின் மேல்முனை கீழ் வரியின் மேல் புள்ளியாக விழுந்தது. ஒற்றுப் பிழை இல்லாத ஒருவருடைய கட்டுரையில் பதினேழு இடங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தேன். அவர் வந்து, "அக்கா, புள்ளி இருக்குதே" என்றார். நான் வாதாடினேன். பெயர் சொல்லாமல் இங்கே அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சிகிச்சை நிலையத்தில், "கண் வறட்சி, சொட்டு மருந்து விடுங்கள்" என்றார்கள். வறட்சியும் இருந்தது உண்மைதான். மூடியைச் சீவும்போது கருவிழிப் படலத்தின் நுண்நரம்புகளும் அறுபடும். கண் காய்வதை உணர்ந்து கண்ணீருக்கு ஆணை கொடுப்பவை அவைதாம். பல்கலைக்கழக நூலகத்தின் குளிரூட்டியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கண் எரியும். ஆனால் நிழல் எழுத்துக்குச் சொட்டு மருந்தால் என்ன செய்ய முடியும்?

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை.

அந்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் பாதை. இருட்டிவிட்டது. எதிரே வரும் வண்டி ஒவ்வொன்றும் எனக்கு ஊர்வலமாகத் தெரிந்தது. தோட்டத்துச் சந்திப்பில் இறங்கி நடந்தேன். மழைச்சட்டை போட்ட இரண்டு மூன்று பெண்கள் பாதையோரம் நின்றார்கள். தலை குனிந்து அவர்களைக் கடந்து போய்விட்டேன்.

"ஏம்மா, ஒன்னதான் கூட்டிட்டுப் போக வந்து நிக்கிறேன். பாத்தும் பாக்காத மாதிரி போற?"

அது அம்மாவின் குரல். நான் என்னென்னவோ சமாளித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் லயத்துக்கு எதிர்ச்சரிவில் செவ்வந்திப் பூத் தோட்டங்கள். நெகிழிக் கூரைக்கு அடியில் இரவில் வரிசையாக விளக்கு எரியும். வெளிச்சம் இருந்தால்தான் செடி உயரமாக வளர்ந்து, சரியான நேரத்தில் பூக்கும். அந்த வரிசைகளுக்கு மேலே தனியாக மாரியம்மன் கோயில் கம்பத்து விளக்கு ஒன்று. அம்மா அதைக் காட்டினார்.

"அந்த வெளக்கு ஒனக்கு எத்தனையாத் தெரியுது?"

ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பக்கத்து வீட்டில் யாருக்காவது கண்புரை வந்து அப்படிச் சொல்லியிருக்கலாம். நான், "ஆறு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சங்கிலி போனாப் போவுது. மொதல்ல வேற டாக்டரப் பாரு" என்றார்.

வேறு மருத்துவர் படலத்தின் வரைபடத்தை எடுத்துக் கணினியில் காட்டினார். உயரத்தைக் காட்டும் நில வரைபடம் போல வண்ண வண்ணமாக இருந்தது. நடுவில் லேசர் தட்டையாக்கிய இடம் நீலம். அதற்குக் கீழே, இருக்கக் கூடாத ஒரு குன்று சிவப்பு. 1885இல் வில்லியம் கேமரன் எங்கள் மலையை அளக்க வந்து, தாம் கண்ட பீடபூமியை வரைபடத்தில் சரியாகக் குறிக்காமல் போய்விட்டார் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். என் கண்ணிலும் யாரோ ஒரு குன்றைக் குறிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. நோயின் பெயர் எக்டேசியா. மெலிந்த படலம் கண்ணின் உள் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் முன்னே பிதுங்குவது. லாசிக்குக்குப் பின் இப்படி நேரலாம் என்று தியோ சைலர் என்ற மருத்துவர் 1998இலேயே எழுதிவிட்டார். அவரும் வொலன்சாக், ஸ்போர்ல் ஆகியோரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுதான் எனக்கு உதவியது. படலத்தின் மேல்தோலை நீக்கி, ரிபோபிளாவின் என்ற பி2 உயிர்ச்சத்துச் சொட்டு விட்டு, 30 நிமிடம் புற ஊதா ஒளி காட்டுவார்கள். படலத்தின் நார்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்ளும். 2013இல் ஒரு கண்ணுக்கும் நான்கு மாதம் கழித்து மறு கண்ணுக்கும் செய்தார்கள். அந்த மூன்று நாள் வலியைப் பற்றி எழுத விருப்பமில்லை. பிதுக்கம் நின்றது. ஆனால் பிதுங்கியது பழையபடி உள்ளே போகாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். போகவில்லை.

இனிமேல்தான் தலைப்புக்கு வருகிறேன். மூக்கில் மாட்டும் கண்ணாடி எனக்கு இனிப் பயன்படாது. குன்றும் குழியுமான பரப்பில் சிதறும் ஒளியை அதனால் ஒன்று சேர்க்க முடியாது. மென்மையான காண்டெக்ட் லென்சும் ஆகாது. ஈரத் துணியைக் கல்லின் மேல் போட்டால் துணியும் கல்லின் வடிவத்தை எடுத்துக்கொள்ளுமே, அந்தக் கதைதான். தேவைப்படுவது கெட்டியான லென்ஸ். அது தன் வடிவத்தை விடாது. அதற்கும் படலத்துக்கும் இடையில் உள்ள பள்ளங்களைக் கண்ணீர் நிரப்பிவிடும். ஒளிக்கு அந்தக் கண்ணீரும் படலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே மேலே உள்ள வழுவழுப்பான பரப்பு மட்டுமே கணக்கில் வரும். இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, லென்சைப் போட்ட மறு நொடியே போய்விட்டது. கண்ணில் மண் விழுந்தால் எப்படி இருக்கும்? அது போகாமல் அங்கேயே குடியிருந்தால்?

"பழகிவிடும்" என்றார்கள். பாதி பழகியது. எழுத்து ஒற்றையாகத் தெரிந்ததால் பொறுத்துக்கொண்டேன். அதற்குள் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தில் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஆனால் சாதாரணக் கண்ணுக்காகச் செய்த சிறிய லென்ஸ், நடுவில் தட்டையும் கீழே மேடுமான கண்ணில் நிலையாக உட்காராது. கண்ணை வேகமாகச் சிமிட்டினால் வழுக்கி ஓரத்துக்குப் போய்விடும். மலையில் காற்று வீசும் நாளில் தூசு அடியில் புகுந்துகொள்ளும். ஒரு விடுமுறையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, வலக்கண் லென்ஸ் குதித்து வெளியே விழுந்தது. அம்மாவும் அவரோடு வேலை செய்த நேபாளத்துப் பையன்கள் இருவரும் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, குனிந்து இலை இலையாகத் தேடினார்கள். தேயிலைச் செடியில் பனித்துளிக்கும் லென்சுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் வந்து சத்தம் போட்டதும் தேடலை நிறுத்தினோம்.

பிறகு அடியில் மென் லென்ஸ், மேலே கெட்டி லென்ஸ் என்று இரட்டை அடுக்கு முயன்றேன். உறுத்தல் குறைந்தது. ஆனால் மதியத்துக்குள் கண் மூச்சுத் திணறுவது போல் சிவந்துவிடும். கண்ணுக்கு ஏது மூச்சு என்று சிரிக்க வேண்டாம். கருவிழிப் படலத்தில் இரத்தக் குழாய் கிடையாது. திறந்த கண் தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பெரும்பாலும் காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இரண்டு கூரை போட்டால் அதற்குப் புழுங்கத்தான் செய்யும். ஓராண்டு அப்படியே ஓட்டினேன். வகுப்பில் கண் கலங்கி நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் என் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

2016இல் கோலாலம்பூரில் ஒரு கண்பார்வை நிபுணர், "ஸ்கிளீரல் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். அவர் காட்டிய லென்ஸ் 16 மில்லிமீட்டர். பத்துக் காசு நாணயத்தைவிடச் சற்றே சிறியது. இவ்வளவு பெரியதா என்று பயந்தேன். பெரியதாக இருப்பதால்தான் வலிக்காது என்றார். அது கருவிழியைத் தொடவே தொடாது. அதன் மேல் கூரைபோல் தாண்டிச் சென்று, உணர்ச்சி குறைந்த வெண்விழியில் உட்காரும். இடையில் உப்பு நீர் நின்றிருக்கும். கண்ணில் வைத்தார். நான் காத்திருந்த மண் விழவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிக்கு முந்திய வரி வரை வாசித்தேன். பிறகு அந்த அறையில் இருந்த நாள்காட்டியை வாசித்தேன். அவர் போதும் என்று சொல்லும்வரை வாசித்தேன்.

உலகின் முதல் காண்டெக்ட் லென்சும் இதே வகைதான் என்பது இன்னொரு வேடிக்கை. 1888இல் சூரிக் நகரில் அடோல்ஃப் ஃபிக் என்ற மருத்துவர் கண்ணாடியை ஊதிச் செய்து, உள்ளே சர்க்கரை நீர் நிரப்பி, முதலில் முயலுக்கும் பிறகு தமக்கும் போட்டுப் பார்த்தார். இரண்டு மணி நேரம்தான் தாங்க முடிந்தது. இப்போது உயிர்வளி ஊடுருவும் பொருளில் செய்வதால் பகல் முழுவதும் போடலாம்.

ஆனால் முதல் நாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். முதல் ஜோடியின் ஓரம் வெண்விழியை அழுத்தியது. கழற்றினால் கண்ணைச் சுற்றி வளையம் போட்டாற்போல் தடம். வெண்விழி உருண்டையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம், மூக்குப் பக்கம் ஒரு வளைவு, காதுப் பக்கம் வேறொரு வளைவு. இரண்டாவது ஜோடியில் மதியம் ஆனால் உள்ளே உள்ள நீர் கலங்கிவிடும். கண்ணாடிக் காலத்துப் பனி இப்போது கண்ணுக்குள்ளேயே வந்துவிட்டது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கழற்றிக் கழுவிப் புதிய நீர் ஊற்றிப் போட வேண்டும். பள்ளிக் கழிவறையில் அதைச் செய்ய எனக்கு மனமில்லை. மூன்றாவது ஜோடிக்கு, ஓரத்தைத் திசைக்கு ஒரு வளைவாக மாற்றி, இடைவெளியைக் குறைத்துச் செய்தார். லென்ஸ் நேரமாக ஆகச் சற்றுத் தாழும் என்பதால், போட்டவுடன் பார்ப்பதோடு விடாமல், நான்கு மணி நேரம் என்னைக் கடைத்தெருவில் சுற்றிவிட்டு வரச்சொல்லி மறுபடி அளந்தார். ஒரு நல்ல நிபுணரை இதைவைத்தே அடையாளம் காணலாம் என்பது என் கருத்து. முதலில் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டு அளவை மாற்றுபவரிடம் போங்கள். பழகிவிடும் என்பவரிடம் ஓராண்டை நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

இப்போது நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் போடுகிறேன். குளிரூட்டிய அறையிலும் எரிவதில்லை. கருவிழி நாள் முழுவதும் தண்ணீரில் மூழ்கி இருக்கிறதே.

வீட்டில்தான் ஒரு சண்டை நடந்தது. எங்கள் லயத்துக்குத் தண்ணீர் மேலே ஓடையிலிருந்து குழாய் வழியாக வரும். அம்மாவுக்கு அதில் பெருமை. "பட்டணத்துப் போத்தல் தண்ணிய ஊத்துற, நம்ம மலத் தண்ணிக்கு என்ன கொற?" என்றார். ஓடை நீரானாலும் குழாய் நீரானாலும் அதில் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம், லென்சுக்கு அடியில் அது சிக்கினால் கருவிழியைத் தின்றுவிடும், கொதிக்க வைத்தாலும் இந்த வேலைக்கு ஆகாது, நுண்ணுயிர் நீக்கி அடைத்த உப்பு நீர்தான் வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். முப்பது ஆண்டுகளாக அந்தத் தண்ணீரைக் குடித்துக் கொழுந்து எடுத்தவரிடம் அதில் புழு இருக்கிறது என்று சொல்வது எளிதன்று. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் டார்ச் விளக்கோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

அந்த டார்ச்சுக்கு வேலை இருக்கிறது. லென்சைக் கிண்ணம் போல் மூன்று விரலில் நிறுத்தி, உப்பு நீரைத் தளும்ப ஊற்றி, தரையைப் பார்க்கக் குனிந்து, கண்ணை லென்சின்மேல் இறக்க வேண்டும். கொஞ்சம் சரிந்தாலும் உள்ளே காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். குமிழ் நின்ற இடத்தில் படலம் காயும். போட்டவருக்கு அது உடனே தெரியாது. எதிரே இருப்பவர் விளக்கடித்துப் பார்த்தால் தெரியும். கொழுந்தில் பூச்சி அரித்த இலையை நாலு அடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் கண் அம்மாவுடையது.

"குமிழு இருக்கு. கீழ, ஓரமா. எடுத்துட்டு மறுபடி போடு."

மறுபடி போட்டேன்.

"சின்னதா ஒண்ணு இருக்கு."

மூன்றாவது முறை ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை அணைத்தார். நான் மலைக்குப் போகும் ஒவ்வொரு விடுமுறையிலும் இதுதான் காலை வேலை. பசியாறுவதற்கு முன்பு குமிழ் பார்ப்பது. சங்கிலி திரும்பி வரவில்லை. அதன் தவணை தப்பிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. என் முதல் சம்பள உயர்வில் வேறொன்று வாங்கிக் கொடுத்தேன். விசேஷ நாளுக்கு மட்டும் போடுகிறார்.

சென்ற விடுமுறையில் ஒரு நாள் இரவு லென்சைக் கழற்ற மறந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சரிவில் செவ்வந்தி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அம்மா சமையலறையிலிருந்தே கேட்டார்.

"கோயில் வெளக்கு இப்ப எத்தனை?"

பார்த்தேன். "ஒண்ணுதாம்மா. ஆனா அதுக்கு ஒரு சின்ன வால் இருக்கு."

"வால் இருந்துட்டுப் போவுது. சாப்புட வா."